அக்காவும் எல்லை தாண்டிய மேசையும்

கண்ணை மூடினால் அந்தச் சிவப்பு விளக்கு இன்றும் எனக்கு எரிகிறது. எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் ஈப்போவில் நாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலைக்குப் புதிதாக வந்திருந்த, கம்ப்யூட்டர் கட்டளைப்படி இரும்பை வெட்டும் சி.என்.சி. இயந்திரத்தின் விளக்கு அது. ஆயுத பூசைக்கு மறுநாள் காலை. அதை ஓட்டியவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்; பக்கத்துப் புந்தோங்கிலிருந்து பஸ்ஸில் வருவார். பத்து வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தவர். "தோட்டத்துப் பொம்பளைக்குக் கம்ப்யூட்டர் மிசினா?" என்று சூப்பர்வைசர் முதல் நாளிலிருந்தே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

தினமும் காலையில் இயந்திரத்தில் இரும்புத் துண்டைத் தாங்கி நகரும் மேசையை அதன் தொடக்க இடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்துதான் அது அளவை எண்ணத் தொடங்கும். அந்த இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு சுவிட்ச். அதைத் தொட்டதும் மேசையின் வேகம் குறையும். அன்று குறையவில்லை. நேராகப் போய்க் கடைசி எல்லைச் சுவிட்சில் இடித்து நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"அந்த எல்லை சுவிட்ச ஒயர் போட்டு ஏமாத்திட்டு இழுத்து விடு லா. முடியலன்னா ரிப்பேருக்கு சிங்கப்பூர்லேருந்து கம்பெனி ஆள் வரணும். அப்புறம் நீ பழைய டிரில்லிங் மிசினுக்கே போலாம்" என்றார் சூப்பர்வைசர்.

அக்கா மசியவில்லை. "இப்ப மிசின காப்பாத்திக்கிட்டு நிக்கிறதே அந்தச் சுவிட்ச்தான். அதையும் ஏமாத்திட்டு தப்பான பக்கம் ஓட்டுனா மேசைய நகத்துற ஸ்க்ரூவே போயிடும்ணே." மெயினை அணைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூடியைக் கழற்றினார். தொடக்கச் சுவிட்சின் சிறு கை அசையவே இல்லை. அதன் மூட்டில் காய்ந்து இறுகிய சந்தனம். மேலே ஒரு குங்குமப் பொட்டு வேறு.

பூசையன்று பக்தி முற்றிப்போய், மூடியைத் திறந்து கண்ணில் பட்டதற்கெல்லாம் பொட்டு வைத்த ஃபிட்டர் அடியேன்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி அக்கா தலையில் விழும். "நான்தாண்ணே வெச்சேன்" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன்.

அக்கா திரும்பிப் பார்த்தார். "கதவுல வெச்சா சாமி ஏத்துக்காதா தம்பி?"

மண்ணெண்ணெய் தொட்டுச் சுத்தம் செய்தார். மின்சாரம் கொடுத்த பிறகும் இயந்திரத்தை அவசரமாக நிறுத்தும் பொத்தானை அழுத்தி வைத்தபடியே, அந்தச் சுவிட்சை மட்டும் மரக்குச்சியால் தள்ளிப் பார்த்தார். அதற்கான சிறு விளக்கு எரிந்து அணைந்தது. அதன் பின்தான் பொத்தானை விடுவித்து, கைச்சக்கரத்தால் மேசையை மயிரிழை மயிரிழையாக எல்லையிலிருந்து பின்னுக்கு எடுத்தார். பாதித் தூரம் வந்ததும் மிகக் குறைந்த வேகத்தில் மறுபடி அனுப்பினார். ஒரு கை பொத்தான் மேலேயே இருந்தது. மேசை போனது, சுவிட்சைத் தொட்டது, தளர்ந்தது, நின்றது. பச்சை விளக்கு! நான் கத்தியே விட்டேன். அக்கா சிரிக்கக்கூட இல்லை. இன்னும் மூன்று முறை அனுப்பி, அதே இடத்தில்தான் நிற்கிறதா என்று அளந்து பார்த்தார். பிறகு எத்தனையோ இயந்திரங்களைப் பார்த்துவிட்டேன், அப்படி ஒரு காலை வாய்க்கவில்லை.

நடந்ததைத் தெரிவிக்கச் சூப்பர்வைசர் ஆபீசுக்குப் போய்ச் சிங்கப்பூருக்குப் போன் போட்டார். கதவு திறந்தே கிடந்தது. ஆள் அனுப்பவா என்று அங்கே கேட்டார்கள் போலிருக்கிறது. எங்கள் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "வேணாம், வேணாம். எங்க மிசினுக்கு எங்க ஆளே இருக்காங்க."