பேர் போடாத கட்டுரை

ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவதை ஒரு வலைப்பூவில் போடுவேன். எழுதியவர் பேரோ ஊரோ அதில் வராது. அது நான் வைத்த சட்டம்.

ஒரு பிள்ளை தன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாள். வாழைத்தோட்டத்தில் களை வெட்டும் அம்மா தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால், செம்பைக் கையில் தர மாட்டார்களாம். கையைக் குவிக்கச் சொல்லி மேலேயிருந்து ஊற்றுவார்களாம். ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் போட்டேன். பெற்றோர் வாட்ஸப் குழு வழியாக அது ஊரெல்லாம் சுற்றியது.

மறுநாளே ஒரு தோட்டக்காரர் பைக்கில் வந்து இறங்கினார்.

"எந்தப் புள்ள எழுதுனது டீச்சர்? எங்க தோட்டத்த அசிங்கப்படுத்தி எழுதியிருக்கு. எடுத்துருங்க."

"எந்தத் தோட்டம்னு அதுல இல்லையே அண்ணாச்சி. உங்க தோட்டம்னு எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

அவர் விறுவிறுவென்று தலைமையாசிரியர் அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் எனக்கு அழைப்பு வந்தது.

"எதுக்கு வம்பு? எடுத்துருங்களேன்" என்றார் தலைமையாசிரியர்.

"எடுக்க மாட்டேன் சார். அது பொய்யின்னா, கட்டுரைக்குக் கீழ அண்ணாச்சியே பதில் எழுதட்டும். அதையும் போடுதேன்."

அண்ணாச்சி எழுதவில்லை. ஆனால் அந்த வாரமே இன்னும் இரண்டு தோட்டக்காரர்கள் தனித்தனியாக வந்து, தங்கள் தோட்டத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று சண்டை போட்டார்கள்.

கட்டுரை இன்றும் அங்கேயே இருக்கிறது. அந்தப் பிள்ளையின் அம்மா, இந்த மூன்று பேர் தோட்டத்திலும் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை.