தங்கச்சியின் ஊரைப் பற்றி இரண்டு பக்கம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதத்தில், லண்டன் கிங்ஸ்பரிப் பக்கம் உள்ள ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் கூட்டம் நடந்தது. கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது செயலாளர் வந்து என் தோளைப் பிடித்தார். நான் எப்போதும் கதிரை அடுக்கும் ஆள். மேடைக்குக் கூப்பிட்டால் எனக்கு வியர்த்துவிடும். படிப்பும் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும். அதனால் அழைப்பிதழ் உறைகளில் விலாசம் எழுதும் வேலை பல வருடமாக என்னுடையது.

சங்கம் வருடத்துக்கு ஒரு மலர் வெளியிடும். அதில் எங்கள் ஊர் ஆட்கள் குடியேறி வாழும் நகரங்களில் ஒன்றைப் பற்றி ஒவ்வொரு முறையும் யாராவது எழுதுவார்கள். ரொறன்ரோ, பாரிஸ், சிட்னி, ஒஸ்லோ எல்லாம் எழுதி முடிந்துவிட்டன.

"தம்பி, இந்த முறை புதுசா ஒரு இடம் வேணும். உம்மட தங்கச்சி அமெரிக்காவில ஏதோ பாலைவனத்தில எல்லே இருக்கிறா? அந்த ஊரைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதித் தாரும்."

"எனக்கு எழுத வராது அண்ணை."

"உம்மட கையெழுத்தில கடைச் சிட்டை எழுதினாலே சனம் வாசிக்கும். எழுதும், எழுதும்."

ஏலாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் இருந்தது. ஆனால் அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. நானும் என் தங்கையும் பேசி அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது.

அப்பா யாழ்ப்பாணத்தில் கடைசிக் காலத்தில் ஆசுபத்திரியில் கிடந்தபோது நான் இங்கிருந்து போய் நின்றேன். தங்கையால் வர முடியவில்லை. அவளும் கணவரும் அமெரிக்காவில் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தார்கள். அந்த நிலையில் நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும், எட்டாம் நாள் கிரியை முடிந்த களைப்பில், தொலைபேசியில் அழுதுகொண்டிருந்தவளிடம், "நீ அங்க வசதியா இரு, இஞ்ச எல்லாத்தையும் நான் பார்த்துக்கொள்ளுறன்" என்று சொல்லிவிட்டேன். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். பிறகு நான் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. அவள் நம்பரை மாற்றியதும் வீடு மாறியதும் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மலர் விஷயத்தைச் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, இதைவிட நல்ல சாட்டு உங்களுக்குக் கிடைக்காது. ஆரிட்டையாவது நம்பரை வாங்கி அவவிட்டையே கேட்டு எழுதுங்கோவன்" என்றார்.

"பார்ப்பம்."

"நீங்கள் பார்ப்பம் எண்டால் அது இல்லை எண்டு அர்த்தம்."

அவர் சொன்னது சரி. நான் கேட்கவில்லை. லண்டன் எட்மண்டனில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் உட்கார்ந்து, அவள் இருக்கும் ஊரின் நகரசபை இணையப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்துப் பார்த்துப் பார்த்து எழுதினேன். மலைகளுக்கு நடுவே உயரத்தில் விரிந்து கிடக்கும் பாலை நிலம். வேகமாக வளர்ந்துவரும் நகரம். புதிய குடியிருப்புகள், புதிய பாடசாலைகள், புதிய ஆசுபத்திரி, பெரிய பெரிய களஞ்சியங்கள், நீல வானம், சுத்தமான காற்று. படங்களில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படங்களிலும் நான் தங்கையின் முகத்தைத் தேடினேன்.

இதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் உண்மை. அந்த ஊரின் தெருக்கள் எனக்கு அதற்கு முன்பே தெரியும். நான் பெற்றோல் நிலையம் ஒன்றில் காசாளராக வேலை செய்கிறேன். மத்தியான இடைவேளையில் மற்றவர்கள் சிகரெட் பிடிக்கப் போவார்கள். நான் தொலைபேசியில் அந்த ஊரின் தெருப்படங்களைத் திறந்து, விரலால் தள்ளித் தள்ளி ஒவ்வொரு தெருவாக நடப்பேன். எல்லா வீடும் மண் நிறம். எல்லா வீட்டுக்கும் முன்னால் கல்லும் முள்ளுப் பற்றையும். அவள் எந்த வீட்டில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு வீட்டு வாசலில் மட்டும் நீலக் கதிரை ஒன்று கிடந்தது. என்னவோ, அதுதான் அவளுடைய வீடு என்று மனதில் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு இடைவேளை கிடைக்கும் நேரமெல்லாம் நேரே அந்த வாசலுக்குத்தான் போவேன்.

கட்டுரையில் நகரசபை சொன்னதை எழுதி முடித்தபோது ஒரு பக்கம்தான் வந்திருந்தது. மற்றப் பக்கத்துக்கு என் தங்கையை எழுதினேன். நீலக் கதிரை போட்ட வாசல், அதில் பின்னேரம் உட்கார்ந்து மலையைப் பார்க்கும் தங்கை, வேலியோரம் மல்லிகை, பின்வளவில் கறிவேப்பிலை, சனிக்கிழமைகளில் கூடிச் சமைத்துச் சாப்பிடும் தமிழ்க் குடும்பங்கள். 'பாலைவனம் என்று பெயரே தவிர, என் தங்கை அங்கே சகல வசதிகளோடும் மகிழ்ச்சியாக வாழ்கிறாள்' என்று முடித்தேன். பொய் எழுதுகிறேன் என்று அப்போது தோன்றவே இல்லை. அவள் அப்படி இருக்கவேண்டும் என்றிருந்தது. எழுத எழுத, அவள் அப்படித்தான் இருக்கிறாள் என்று நானே நம்பிவிட்டேன்.

வைகாசியில் மலர் வெளிவந்தது. செயலாளர் என் கட்டுரையிலிருந்து ஒரு பந்தியை மேடையில் வாசித்தார். சனம் கைதட்டியது. நான் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அடுத்த நாளே மலர் முழுவதையும் யாரோ சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அது அங்கிருந்து எந்த எந்த நாடுகளுக்குப் போகும் என்று நான் யோசிக்கவில்லை.

மூன்று கிழமை கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணி இருக்கும், அடுத்த நாள் ஷிப்டுக்குச் சீருடையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தேன். அமெரிக்க நம்பர் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது.

"ஆர், எழுத்தாளரோ?"

தங்கையின் குரல். அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

"அண்ணை, இஞ்ச மல்லிகை வராது. மாரியில பனி கொட்டும், தெரியுமோ? கறிவேப்பிலை ஒரு சாடியில வைச்சனான். ஒரு இரவுக் குளிருக்குச் செத்துப் போச்சு. காத்தடிச்சால் காய்ஞ்ச முள்ளுப் பத்தையெல்லாம் உருண்டு வந்து வாசல்ல நிக்கும். அதுதான் எங்கட வீட்டுத் தோரணம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பதா என்றும் தெரியவில்லை. அவள் நிறுத்தவில்லை. என் கட்டுரையை முன்னால் வைத்துக்கொண்டு வரி வரியாகத் திருத்தினாள்.

"சுத்தமான காத்து எண்டு எழுதியிருக்கிறியள். அந்தக் காத்தின்ர வறட்சிக்கு என்ர பிள்ளைக்கு மூக்கால ரத்தம் வரும். இந்த உயரத்தில குக்கர் இல்லாமல் பருப்பும் அவியாது. வளருற ஊர் எண்டது மட்டும் உண்மை. வளர வளர வாடகை ஏறுது. மூண்டு வீடு மாறியாச்சு. பிறகு, ஆர் அந்தச் சனிக்கிழமைத் தமிழ்க் குடும்பங்கள்? இருந்தது ஒரே ஒரு குடும்பம். அவையும் போன வருஷம் டெக்சாஸுக்குப் போட்டினம்."

"நான்... வெப்சைட்டில பார்த்து..."

"பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான்தான் வாசிச்சுக் காட்டினனான். 'அம்மா, இது யாற்ற வீடு, நாங்க அங்க மூவ் பண்ணலாமா' எண்டு கேக்கிறாள்."

இதைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"சகல வசதிகளோடும் எண்டு போட்டிருக்கிறியள். அண்டைக்கும் அதைத்தான் சொன்னனீங்கள். அவர் இரவு பகலாப் பெற்றோல் செட்டில நிக்கிறார். நான் களஞ்சியத்தில பெட்டி ஒட்டுறன். கேஸ் இன்னும் முடியேல்ல. நீங்கள் ஒருக்கால் எண்டாலும் கேட்டிருக்கலாம் அண்ணை. எழுத முதல் கேட்டிருக்கலாம்."

மன்னிப்புக் கேட்கவேண்டிய இடம் அது. அதற்குப் பதில், மறைத்து வைத்திருந்ததுதான் வாயில் வந்தது.

"உன்ர விலாசம் எனக்குத் தெரியாது. படத்தில தேடினனான். நீலக் கதிரை போட்ட ஒரு வீடு... அது உன்ர வீடாக்கும் எண்டு நினைச்சுப் போய்ப் போய்ப் பாக்கிறனான்."



"எழுதுங்கோ" என்றாள். குரல் மாறியிருந்தது. வீட்டு இலக்கம், தெரு, ஊர், அஞ்சல் குறியீடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மின்சார பில் உறையின் பின்பக்கத்தில் எழுதினேன். எத்தனையோ ஆயிரம் உறைகளில் விலாசம் எழுதிய கை, என் சொந்தத் தங்கையின் விலாசத்தை அன்றைக்குத்தான் எழுதியது. எழுத்துக்கள் கோணிக்கொண்டு போயின.

அதற்குப் பிறகு அவள் கேட்டதுதான் என்னால் மறக்க முடியாதது.

"அண்ணை, அப்பா கடைசி நாளில என்ன சொன்னவர்? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. அம்மா போனபோது நீங்கள் லண்டனில இருந்து கேக்கக் கேக்க நான் எல்லாம் சொன்னனான். என்ன சீலை உடுத்தினது, ஆர் ஆர் வந்தது, எத்தினை மணிக்கு எடுத்தது எண்டு எல்லாம்."

ஆம், சொன்னாள். அம்மா இறந்தபோது லண்டனில் என்னிடமும் கடதாசி இல்லை. என் விண்ணப்பத்துக்கு முடிவு வந்திருக்கவில்லை. நான் இங்கே ஓர் அறையில் இருந்துகொண்டு, கடன் வாங்கிய தொலைபேசி அட்டையில், ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டேன். ஊரிலிருந்து அவள் மூன்று முறையும் பொறுமையாகப் பதில் சொன்னாள். அதே இடத்தில் அவள் நின்றபோது நான் என்ன சொன்னேன் என்பதை மேலே எழுதியிருக்கிறேன். இதைவிட வெட்கம் எனக்கு வாழ்க்கையில் வேறில்லை.

கட்டிலில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன். அலங்காரம் ஒன்றும் இல்லாமல் சொன்னேன். அப்பா கடைசி இரண்டு நாளும் பேசவில்லை. அதற்கு முதல் நாள் தோடம்பழம் கேட்டார். வாங்கிவந்து உரித்துக் கொடுத்தேன். ஒரு சுளைதான் சாப்பிட்டார். மற்றதை "சின்னவளுக்கு வை" என்றார். நான் அதை மேசையில் வைத்தேன். அடுத்த நாள் தாதி எடுத்து எறிந்துவிட்டார்.

"என்னைக் கேட்டவரோ?"

"சுளையை உனக்கு வைக்கச் சொன்னவர்."

அவள் அழுதாள். ஆறு வருடத்துக்கு முன் பாதியில் நின்ற அழுகை அது. இந்த முறை நான் குறுக்கே ஒன்றும் சொல்லவில்லை. அறை வாசலில் மனைவி வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அயர்ன் பெட்டியின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் போனார்.

எவ்வளவு நேரம் பேசினோம் என்று தெரியாது. இடையில் மருமகள் தொலைபேசியை வாங்கி, "ஹாய் மாமா, நீங்க எழுதின ஹவுஸ் எனக்குப் பிடிச்சிருக்கு, யூ ஷுட் கம்" என்றாள். அவள் பிறந்து வளர்ந்த பிறகு அவள் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

செயலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கட்டுரையில் உள்ளது என் தங்கையின் வாழ்க்கை இல்லை, அடுத்த மலரில் ஒரு திருத்தம் போடவேண்டும் என்றேன்.

"மலரில ஆரும் திருத்தம் போடுறதோ தம்பி? அப்ப பாரிஸ் கட்டுரை, கனடாக் கட்டுரை எல்லாத்துக்கும் எல்லே போடவேணும்" என்று சிரித்தார்.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். தங்கையிடம் இந்த முறை கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஊரின் பெயர் வேண்டாம் என்றாள். வேண்டாம் என்றதை விட்டுவிட்டேன்.

அவளை நான் நேரில் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பதினேழு வயது. நான் ஊருக்குத் திரும்பிப் போகக்கூடிய காலம் வந்தபோது அவள் அமெரிக்காவுக்குப் புறப்பட்டுப் போயிருந்தாள். அவர்களுடைய விண்ணப்பம் இன்னும் முடியவில்லை, அதனால் அவளால் வர முடியாது. மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் சத்திரசிகிச்சை நடந்ததால் நானும் இன்னும் போகவில்லை. ஞாயிறு தவறாமல் பேசுகிறோம். அங்கே காற்று எப்படி, பிள்ளைக்கு மூக்கு எப்படி, வாடகை ஏறியதா என்று கேட்கிறேன். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்து அவள் சொல்வதை முழுவதும் கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

என் தங்கை எப்படி இருக்கிறாள் என்று இரண்டு பக்கம் எழுதி முடிக்க எனக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது, ஆனால் அவளிடமே "எப்படி இருக்கிறாய்" என்று கேட்க ஆறு வருடத்திலும் முடியவில்லை. கடைசியில் அவள்தான் என்னை அழைத்தாள் என்பதை நினைக்கும்போதெல்லாம், நன்றியும் வெட்கமும் ஒன்றாக வருகின்றன.