ஜெசிந்தாவின் இரைச்சல்

ஜெசிந்தா இறந்துவிட்டாள் என்று அவளுடைய அண்ணன் தருமபுரி பஸ் நிலையத்தில் சொன்னபோது நான் சிரித்தேன். கணக்கு வாத்தியாருக்கு மாற்றல் என்று பள்ளி முழுக்கப் புரளி கிளப்பிவிட்டவன் நான். பதிலுக்கு என்னை ஏய்க்கிறார்கள் என்று நினைத்தேன். "வெளையாட்டு இல்லப்பா. மஞ்சக்காமாலை. வூட்டுக்கு வா," என்றார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

பிளஸ் டூவில் எங்களோடு படித்தவர்களுக்கு அவளைத் தெரியும். பள்ளிக்கு வந்த ஒரே கம்ப்யூட்டரில் நாங்கள் கேம் போட்டுப் பூச்சி சுட்டுக்கொண்டிருக்க, அவள் அதற்குள் அதியமான்கோட்டை மாதா கோயில் மணியை ஏற்றினாள். டேப்பில் பதிந்த ஓசையின் ஏற்ற இறக்கத்தை மெஷின் இருநூற்றைம்பத்தாறு படிகளாக அளந்தது. அத்தனையையும் வைக்க இடமில்லாததால் பதினாறாகக் குறைத்தாள். 'டாங்' நன்றாகத்தான் வந்தது. பின்னால் தேயும் ரீங்காரம் மட்டும் கரகரத்து, கடைசிப் படிக்குக் கீழே போனதும் பொட்டென்று நின்றது.

அதற்கு அவள் புரோகிராமில் ஒரே ஒரு வரி எழுதினாள். படிகளைக் குறைக்கும் முன், ஒவ்வொரு எண்ணோடும் குருட்டுவாக்கில் ஒரு சின்ன எண்ணைக் கூட்டும் வரி. 'உஸ்' என்று இரைச்சல் வந்தது. ஆனால் அதனடியில் ரீங்காரம் கடைசிவரை தேய்ந்து போவதும் கேட்டது.

"கொஞ்சம் எரைச்சல் இருந்தாதான் மெல்லப் பேசறவங்க கொரலும் கேக்கும்," என்றாள்.

"அப்ப கிளாஸ்ல நான் பண்றது சேவைதானே?"

"நீ எரைச்சல் இல்ல, இடி. ஒக்காரு."

பள்ளி அறிவியல் கண்காட்சியன்று காலை அந்த வரியை அழித்தேன். அவள் தேடித் தவிப்பதைப் பார்க்கலாம் என்ற நினைப்பு. நடுவர்கள் முன்கூட்டியே வந்துவிட்டார்கள். மணி அடித்தது, பாதியில் செத்தது. "யாரும்மா மணியப் புடிச்சு நிறுத்துனது?" என்று ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது. திரையில் வரி இல்லாததைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நான்தான் சரியா பாக்கலீங்க சார்," என்றாள். 'கருவிக் கோளாறு' என்று எழுதிப் போனார்கள்.

சாயங்காலம் என்னைப் பிடித்தாள். "மணியோட வால அறுத்துட்டயேடா, கொரங்கே. அந்த வரிய நூறு தடவ எழுதிட்டு வா." எழுதினேன். தொண்ணூற்றெட்டுதான் எழுதினேன்; அவள் எண்ணிப் பார்த்து மீதி இரண்டையும் வாங்கினாள்.

நாளை பள்ளியில் அவளுக்கு இரங்கல் கூட்டம். அதில் அவள் ஏற்றிய மணியைப் போடச் சொன்ன தலைமையாசிரியர், "அந்த உஸ்ஸு எதுக்குப்பா? எடுத்துட்டுச் சுத்தமா போடு," என்றார்.

"எடுக்க மாட்டேங்க சார்," என்றேன். "ஒருக்கா எடுத்தவன் நான்தாங்க."

கோளாறு கருவியில் இல்லை என்று அவரிடம் சொன்னேன். கூட்டத்துக்கு வரப்போகும் உங்களுக்கும் இந்தக் குறிப்பில் சொல்கிறேன். என்ன தண்டனையோ கொடுக்கட்டும். அந்த வரி எனக்கு மனப்பாடம். யார் அழித்தாலும் மறுபடி எழுதுவேன். நாளை மணி இரைச்சலோடுதான் அடிக்கும். 'டாங்' முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். அவள் காப்பாற்றியது அதற்குப் பிறகுதான் வரும்.