மூன்றாவது கடிதத்துக்காகத் தோர்ண்டன் ஹீத் வரை

லண்டனைச் சுற்ற நான்கு மண்டலப் பயணச்சீட்டு வாங்குவதா, ஆறு மண்டலமா என்ற கேள்வி எங்கள் வீட்டில் புதன்கிழமை எழுந்தது. வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகுதான் தீர்ந்தது. நான்கு மண்டலத்துக்கு ஐந்து பவுண்டு நாற்பது பென்ஸ், ஆறுக்கு ஆறு பவுண்டு முப்பது. போகவேண்டிய இடங்கள் எல்லாம் நான்குக்குள் அடங்குவதாக வரைபடம் காட்டியது. வரைபடத்தை மட்டும் நம்பிப் புறப்பட்டவர்களின் கதி சரித்திரத்தில் இருக்கிறது என்றாள் மனைவி. இரு தரப்பையும் கேட்டபின் நான்கு என்று தீர்மானித்தேன். அந்த முடிவின் முழுப் பொறுப்பும் என்னுடையது.

இது 2006 மே மாதம், ஒரு சனிக்கிழமை. நான் மலேசியாவின் ஈப்போக்காரன். படிக்க வந்து, இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலையாகி, குட்மேய்ஸில் வீடு வாங்கி இருபது வருடம் ஆகிறது. மலாய் பேசத் தெரிந்த தமிழன் வேண்டும் என்று எங்கள் கிறிஸ்தவ சபை தேடியபோது கையைத் தூக்கியது நான் ஒருவன்தான். அப்படித்தான் காக் ஜுனிதா எங்கள் வீட்டு விருந்தாளியானார். காக் என்றால் மலாயில் அக்கா. எங்கள் பேராக் மாநிலத்து மலையில் இருக்கும் செமாய் பழங்குடியைச் சேர்ந்தவர், ஐம்பதை நெருங்கும் வயது, அதிகம் பேசமாட்டார்.

அவர் வந்த காரணம் இது. அவர் சிறுமியாக இருந்தபோது ஒரு திருச்சபை, மலைக் கிராமத்துப் பிள்ளைகளை லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுபோய் விடுதியில் வைத்துப் படிப்பித்தது. முடியை வெட்டினார்கள், புதுப் பெயர் வைத்தார்கள், செமாய் பேசினால் அடித்தார்கள். அந்தத் திருச்சபையின் லண்டன் தலைமையகம் இப்போது அதற்காக வருந்துகிறது. வருத்தத்துக்கு எட்டுப் பக்க விண்ணப்பப் படிவம் உண்டு. பழங்குடியினர் தாங்களே முன்னின்று நடத்தும் மனக்காயம் ஆற்றும் பணிகளுக்கும் ஒப்புரவுப் பணிகளுக்கும் பணம் தருவார்கள். ஆனால், 'திட்டத்தை அவர்கள் எழுதியபடியே ஆதரிக்கிறோம்' என்று லண்டனில் மூன்று சபைகள் கடிதம் தரவேண்டும். நிபந்தனை போட்ட கடிதம் கணக்கில் வராது. கடைசி நாள் திங்கள் நண்பகல். காக் ஜுனிதாவுக்கு ஞாயிறு இரவு விமானம். எங்கள் சபைக் கடிதம் கையில் இருந்தது. மற்ற இரண்டையும் அந்தச் சனிக்கிழமையே வாங்கியாக வேண்டும்.

காலை எட்டு இருபதுக்குக் குட்மேய்ஸ் ஸ்டேஷன் போனோம். தண்டவாள வேலை நடப்பதால் ரயில் இல்லை, பதிலுக்குப் பேருந்து. வார இறுதியில் கிழக்கு லண்டனிலிருந்து புறப்படுகிறவர்கள் இதை வானிலை மாதிரி எடுத்துக்கொள்ளவேண்டும். ஓட்டுநர் லீட்ஸிலிருந்து வந்தவர். முன் இருக்கையில் இருந்த என்னிடம் திரும்பினார்.

"இங்கே இடமா, வலமா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு லீட்ஸ் நன்றாகத் தெரியும்" என்றார்.

ஸ்ட்ராட்ஃபோர்டு வரை அந்தப் பேருந்தை நான்தான் நடத்திச் சென்றேன். ஆறரை மைலுக்கு ஐம்பத்தைந்து நிமிடம். அங்கிருந்து பாதாள ரயிலில் விக்டோரியா, பிறகு பதினேழு நிமிடத்தில் ஸ்ட்ரெதம் காமன். பத்தரைக்கு இறங்கினோம்.

ஸ்ட்ரெதம் சபை ஆங்கிலேயரும் கரீபியர்களும் கலந்தது. போதகர் அம்மா தேநீர் தந்தார், மழையைப் பற்றிக் கேட்டார், கையெழுத்துப் போட்டார். திட்டம் என்னவென்று கேட்கவில்லை. இருபது நிமிடம். வெளியே வந்ததும் காக் ஜுனிதா, "அவர் படித்தாரா?" என்றார். "இல்லை" என்றேன். கடிதத்தை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தோர்ண்டன் ஹீத் அங்கிருந்து இரண்டரை மைல், 250ஆம் எண் பேருந்து. பாதி வழியில் கடைப் பலகைகள் தமிழுக்கு மாறும்போது இறங்கத் தயாராகலாம். கூட்டம் இரண்டு மணிக்கு என்பதால் சாப்பிட நேரம் இருந்தது. மட்டன் ரோல்ஸ் ஒன்று அறுபது பென்ஸ், பிளேன் டீ ஐம்பது. பக்கத்துக் கடையின் உறைபெட்டியில் மரவள்ளிக்கிழங்கைப் பார்த்துக் காக் ஜுனிதா நின்றுவிட்டார். கிலோ ஒரு பவுண்டு எண்பது. அதை ரிங்கிட்டில் மாற்றிச் சொன்னேன். மலையில் அவருடைய தோட்டத்தில் இருப்பதை அந்த விலைக்கு விற்றால் திருச்சபையிடம் வந்திருக்கத் தேவையில்லை என்றார். அந்த நாளில் அவர் சிரித்தது அப்போதுதான்.

தோர்ண்டன் ஹீத் தமிழ்ச் சபை கூடுவது வாடகை மண்டபத்தில். சபையின் செயலாளர் அருள்ராசா அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், பாரிஸில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்து இங்கே கட்டடக் கான்ட்ராக்ட் செய்கிறார். வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்கோ வாங்கோ, எல்லாம் ரெடி" என்று நிகழ்ச்சி நிரலை நீட்டினார். பதினான்கு அம்சங்கள். ஆரம்ப ஜெபம், வரவேற்புப் பாட்டு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை ஆறு, பிள்ளைகளின் நடனம், பொன்னாடை. சிறப்பு விருந்தினர் பதின்மூன்றாவது. நன்றியுரை பதினான்கு. தமிழர் கூட்டத்தில் சிறப்பு விருந்தினர் என்பவர் மற்றவர்கள் பேசுவதைக் கேட்பதற்காக அழைக்கப்படுகிறவர் என்று காக் ஜுனிதாவுக்கு முன்கூட்டியே சொல்லாதது என் தவறு.

பொன்னாடை போர்த்தி முடித்தபோது மணி நாலாக ஆறு நிமிடம். மண்டபம் நாலு மணி வரைக்கும்தான். பேட்மின்டன் ஆடவந்த கேரள நர்சுகள் நால்வர் மட்டையோடு வாசலில் நின்றார்கள்.

"அங்கிள், ஹால் நாலோட முடியுது" என்றான் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்ட இளைஞன்.

"தெரியும் தம்பி. கடிதத்தைக் குடுத்துப் படம் எடுத்தால் முடிஞ்சுது" என்றார் அருள்ராசா அண்ணை.

கடிதத்தை நான் படித்தேன். நல்ல ஆங்கிலம். மூன்றாவது பத்தியில் ஒரு வரி: கூட்டங்கள் அனைத்தும் குருப்பட்டம் பெற்ற போதகரின் மேற்பார்வையில் நடக்கவேண்டும், பழைய சடங்குகளுக்கு இடமில்லை. காக் ஜுனிதாவின் திட்டத்தில் இருப்பதே அந்தச் சடங்குதான். செவாங் என்று பெயர். விளக்கணைத்த வீட்டுக்குள் பெண்கள் மூங்கிலைத் தட்டிப் பாட, உடம்பை விட்டுப் போன உயிரைத் திரும்பக் கூப்பிடுவது. விடுதியில் அதைப் பற்றிப் பேசினாலே அடி. இந்த ஒரு வரி இருந்தால் கடிதம் செல்லாது. கடிதம் செல்லாவிட்டால் மூன்று கடிதம் ஆகாது.

வரியை மலாயில் சொன்னேன். காக் ஜுனிதா பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எங்கள் ஊரில் கருத்து வேறுபட்டால் எல்லோரும் உட்காருவோம். பேச இனி ஒன்றும் இல்லை என்று கடைசி ஆளும் சொல்லும்வரை யாரும் எழமாட்டோம். சில சமயம் மூன்று நாள் ஆகும். அவர்களிடம் சொல்லுங்கள்."

மொழிபெயர்த்தேன். சபையில் குறைந்தது ஐந்து பேருக்கு அன்று மாலை கல்யாண வரவேற்பு இருந்தது. பலர் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

நர்சுகளில் மூத்தவர், தங்களுக்குப் பாதி இடம் போதும் என்றார். அவர்கள் அந்தப் பக்கம் வலை கட்டி ஆட, நாங்கள் இந்தப் பக்கம் வட்டமாக நாற்காலி போட்டோம். அன்றைய கூட்டம் அப்போதுதான் தொடங்கியது.

அருள்ராசா அண்ணை கோபமாக இல்லை, வருத்தமாக இருந்தார். "தம்பி, நீங்கள் அவவுக்குச் சொல்லுங்கோ. மிஷன் ஹொஸ்டல் இல்லையெண்டால் நாங்கள் ஒருத்தரும் ஆளாகியிருக்க மாட்டம். நான் ஏழு வருசம் இருந்தனான். எனக்கும் அடிச்சவை. அதுக்கென்ன? அந்த அடியாலதானே இண்டைக்கு இஞ்ச இருக்கிறன். சேர்ச் காசில பேயைக் கூப்பிடுறதுக்கு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

பலர் தலையாட்டினார்கள். அதில் நியாயம் இருந்தது. அந்த வட்டத்தில் டாக்டர், எஞ்சினியர் எல்லாம் அப்படிப்பட்ட விடுதிகளிலிருந்து வந்தவர்கள். ஒவ்வொருவராகப் பேசினார்கள். மணியடித்து எழுப்பியது, கஞ்சி, வரிசை, இங்கிலீஷ். முதலில் பெருமையாகத்தான் சொன்னார்கள். ஒரு இறகுப்பந்து டாக்டரின் மடியில் வந்து விழுந்தது. அவர் அதை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு, பாயை நனைத்ததற்காகத் தம்பியை வெயிலில் நிறுத்தியதைச் சொன்னார். முழுவதும் சொல்லவில்லை. பந்தைத் திருப்பிக் கொடுத்தார்.

காக் ஜுனிதாவின் முறை வந்தது. மூன்று வாக்கியம்தான் பேசினார். "நாங்கள் உடம்போடு திரும்பி வந்துவிட்டோம். கூப்பிட வேண்டியது மற்றதை. எங்களைக் கூட்டிப்போன ஆள் பக்கத்தில் நின்றால் அது வராது."

"அது அவையின்ர நம்பிக்கை" என்றார் அருள்ராசா அண்ணை. "எங்களுக்கு அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை."

அவருடைய மனைவி புஷ்பம் அக்கா அதுவரை தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பாமலே பேசினார்.

"ஓம், நடக்கேல்லை. வீட்டு பெல் அடிச்சால் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழ வைச்சிட்டு எழும்பி நிக்கிறியள். முப்பது வருசமாப் பாக்கிறன்."

யாரோ சிரித்தார்கள். "அது பழக்கமப்பா" என்றார் அண்ணை.

"பழக்கம்தான். பீட்சா கொண்டு வாற பெடியனுக்கும் அட்டென்ஷனில நிக்கிறியள். அவவும் அதைத்தானே சொல்லுறா."

இரண்டாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. நான் இதை மொழிபெயர்ப்பதா வேண்டாமா என்று யோசித்தேன். காக் ஜுனிதா என்ன என்று கேட்கவில்லை. மறுபக்கத்தில் புள்ளிக் கணக்கு பதினெட்டுக்குப் பதினாறு.

"பேச இனி யாருக்கும் ஏதும் இருக்கா?" என்று அண்ணைதான் கேட்டார். கேள்வி வட்டத்தைச் சுற்றி வந்தது. ஒருவருக்கும் இல்லை. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த வரியை அளவுகோல் வைத்த மாதிரி நேராக வெட்டி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டு, கீழே கையெழுத்தும் முத்திரையும் வைத்தார்.

"பேயைக் கூப்பிடுறதுக்கு இல்லை" என்றார் என்னிடம். "அந்தப் பிள்ளையளைக் கூப்பிடுறதுக்கு."

மணி ஐந்தே முக்கால். அதற்குப் பிறகு நன்றியுரை ஒரு வார்த்தையும் குறைக்கப்படாமல் ஒன்பது நிமிடம் நடந்தது.

திரும்பும் வழியில் ரயில் காலியாக இருந்தது. மூன்று கடிதங்களையும் காக் ஜுனிதா மறுபடி எடுத்துப் பார்த்தார். தோர்ண்டன் ஹீத் கடிதத்தில் வெட்டிய வரியைத் தொட்டு, "இவர்கள் படித்தார்கள்" என்றார். இரண்டு சபைகளையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்த என் யோசனை அதிலேயே முடிந்துவிட்டது. ஒரு சபை எதையும் கேட்காமல் தந்ததும், இன்னொரு சபை ஒன்றே முக்கால் மணி நேரம் சண்டை பிடித்துத் தந்ததும் கோப்பில் ஒரே எடைதான். எது ஆதரவு என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதே மாதிரி விருந்தினரைக் கூட்டிக்கொண்டு சபை சபையாகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஒரு நாளைக்கு இரண்டு சபைக்கு மேல் வைக்காதீர்கள். கடிதத்தின் வாசகத்தை முந்தின வாரமே வாங்கிப் படியுங்கள், நான் படிக்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் விருந்தினரின் பெயரை மூன்றாவதுக்குள் கொண்டுவராமல் தேதி கொடுக்காதீர்கள். மறுத்தால் பொன்னாடையை முதலில் போர்த்திவிடச் சொல்லுங்கள், பாதி வேகம் குறைந்துவிடும். மண்டபத்தை இரண்டு மணி நேரம் கூடுதலாக எடுங்கள், மணிக்குப் பதினெட்டு பவுண்டுதான். மொழிபெயர்ப்பாளர் தண்ணீர் வைத்துக்கொள்வது நல்லது. சனிக்கிழமை குட்மேய்ஸிலிருந்து புறப்பட்டால் கணக்குக்கு மேல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு வழிக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தால் ஏமாற்றம் இருக்காது.

திங்கள் காலை பதினொன்றேகாலுக்குக் கடிதங்களை நானே கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கினேன். ஜூலையில் பணம் அனுமதிக்கப்பட்டது. செப்டம்பரில் காக் ஜுனிதாவின் ஊரில் மூன்று இரவு செவாங் நடந்தது. விடுதிப் பதிவேட்டில் அந்த மலையிலிருந்து முப்பத்தொரு பிள்ளைகளின் பெயர் இருந்தது. அவர்களில் பத்தொன்பது பேர் வந்தார்கள்.