ஒருவரும் சாகாத கிழமை

போன சனிக்கிழமை காலை அக்கா எனக்குப் போன் எடுத்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"டேய், என்ட லெப்டொப்புல நீ என்னத்தடா செஞ்சு வெச்சிரிக்காய்?"

கத்தவில்லை. திட்டவில்லை. சாந்தா அக்கா என்னோடு கத்தாமல் கதைக்கிறாள் என்றால் விசயம் பெரிது. சேர்ட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். ஓடுவதற்கு அதிக தூரமில்லை — நான் ஒரு தெரு, அவள் அடுத்த தெரு, இரண்டும் புளியந்தீவுக்குள்தான்.

அப்படி என்ன செய்து வைத்திருந்தேன்? அதைச் சொல்ல, முதலில் என் வியாதியைச் சொல்ல வேண்டும்.

சிலருக்கு அடிக்கடி போன் மாற்ற வேண்டும். எனக்குப் பிரவுசர் மாற்ற வேண்டும். குரோமில்தான் தொடங்கினேன். நல்ல பிள்ளை, எந்தத் தளத்தைக் கொடுத்தாலும் திறக்கும். ஆனால் என் கிழட்டு லெப்டொப்பில் நாலைந்து பக்கங்களைச் சேர்த்துத் திறந்தால் உள்ளே காற்றாடி இரையத் தொடங்கிவிடும். பயர்பொக்ஸுக்குப் போனேன். அது சொல்வழி கேட்கும். இந்தப் பொத்தானை அங்கே வை, அந்தப் பட்டையை மறை என்றால் மறுபேச்சில்லை. எட்ஜ் கம்ப்யூட்டரோடு சீதனமாக வருவது… கூடவே வந்த காரணத்தாலேயே நாம் அதை மதிப்பதில்லை. ஆனால் ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள், ஆள் கெட்டிக்காரன். பிரேவ் விளம்பரங்களை வாசல் படலையிலேயே மறித்துவிடும்.

'இதில் எது திறம்?' என்று கேட்டு இந்தப் பத்திக்கு நீங்களும் எழுதுகிறீர்கள். நான் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்லி வந்தேன்: எதை எடுத்தாலும், வாங்கிய சட்டையைப் பிடித்துத் தைப்பதுபோல் உங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்தவர் உடம்புக்கு நான் அளவெடுக்கலாமா என்று மட்டும் யோசிக்கவில்லை.

அக்காவின் பிரவுசரைப் பார்த்தால் தலை சுற்றும். மேலே எங்கிருந்தோ வந்து குடியேறிய தேடல் பட்டைகள். ஓரமெல்லாம் சேலை, சீமெந்து, மூட்டுவலித் தைலம், வெளிநாட்டு வேலை என்று மினுங்கும் பெட்டிகள். மூலையில் அடிக்கடி ஒரு மணி அடித்து, 'உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது' என்று வாழ்த்தும். இதற்குள் எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். பழகிவிட்டது என்றாள்.

பழகிவிட்டது என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஒரு பின்னேரம் முழுக்க இருந்து அவளுக்குப் புதுப் பிரவுசர் ஒன்று போட்டேன். எது என்று சொல்லமாட்டேன், பாவம், அதில் ஒரு பிழையும் இல்லை. விளம்பரத் தடுப்பான் ஒன்றைச் சேர்த்தேன். அதில் இருந்த எல்லாக் கட்டங்களிலும் சரி போட்டேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். முதல் பக்கத்தில் நேரமும், வாவியில் ஒரு தோணி நிற்கும் படமும் மட்டும். பழைய பிரவுசரை அவள் கண்ணில் படாத இடத்தில் ஒளித்து வைத்தேன்.

அக்காவுக்கு வலு சந்தோசம். கண்ணில் விழுந்த தூசி போன மாதிரி இருக்கிறது என்றாள். அன்று இரவு இறால் பொரியலோடு சோறும் தந்தாள்.

இங்கே அவளுடைய ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வெடுத்தவள். அத்தான் போய்விட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். விடிய எழும்பித் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தால் முதலில் பார்ப்பது ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தின் மரண அறிவித்தல்களைத்தான். நாட்டு நடப்பெல்லாம் தேத்தண்ணி ஆறிய பிறகு. சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

புதுப் பிரவுசர் போட்டுச் சில நாட்களில் என்னிடம் சொன்னாள்:

"இந்தக் கிழமை நம்மட ஆக்கள் ஒருத்தரும் சாகல்லடா. ஊருக்கு நல்ல காலம் போல."

நானும் சந்தோசப்பட்டேன். அதற்காக மாமாங்கப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்ததாகவும் சொன்னாள். இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை, அதுதான் கதை.

சனிக்கிழமை காலை மரக்கறி வாங்கப் போன இடத்தில் அக்காவோடு முன்னர் படிப்பித்த டீச்சர் ஒருவர் எதிர்ப்பட்டிருக்கிறார். 'என்ன சாந்தா, களுவாஞ்சிக்குடிக்கு நீங்க வரல்லயே, தங்கேஸ் உங்களத்தான் கேட்டுக்கொண்டிருந்தா' என்று சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது மரக்கறிப் பையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். தங்கேஸின் கணவர் நவரெத்தினம் மாஸ்டர் திங்கட்கிழமை காலமாகிவிட்டார்.

தங்கேஸ் யார்? அக்காவும் அவளும் பள்ளிக்கூட விடுதியில் ஒரே அறை. அத்தான் செத்த அன்று முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவள் அவள்தான். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும்வரை அக்கா வீட்டிலேயே நின்றாள். அக்காவைக் குளிக்கவார்த்து, தலை துவட்டி, சின்னப் பிள்ளைக்குத் தீத்துவதுபோல் சோறு தீத்தியவள். அப்படிப்பட்டவள் வீட்டுச் சாவுக்கு என் அக்கா போகவில்லை.

கல்யாணம் என்றால் நமக்குக் கார்ட் வர வேண்டும், வராவிட்டால் கோபம். செத்த வீட்டுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. கேள்விப்பட்டால் போக வேண்டியதுதான். தங்கேஸின் மகன் இணையத்தில் பெரிதாக அறிவித்தல் போட்டுவிட்டான். சாந்தா விடிந்ததும் அதைத்தான் பார்ப்பாள் என்பது சிநேகிதிகள் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒருவரும் தனியாகப் போன் எடுத்துச் சொல்லவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாதாடினேன். இங்கே பார் அக்கா, தளத்தில் அப்படி ஒன்றுமே இல்லை, அந்த டீச்சர் ஆள் மாறிச் சொல்லியிருப்பார் என்று என் போனை நீட்டினேன். என் போனிலும் அதே தடுப்பான். பக்கம் துடைத்து வைத்த மாதிரி வெறுமையாக இருந்தது.

அக்கா போனைப் பார்க்கவே இல்லை. பழையதைத் திற என்றாள்.

ஒளித்து வைத்ததைத் தேடி எடுத்துத் திறந்தேன். சேலை வந்தது. சீமெந்து வந்தது. மூட்டுவலித் தைலம் வந்தது. அவற்றுக்கு நடுவில், மலர் வளையம் போட்ட சட்டங்களுக்குள், ஒரு கிழமைச் சாவும் ஒரேயடியாக வந்தது. அந்தத் தளத்தில் மரண அறிவித்தலும் ஒரு விளம்பரம்தான். சேலை எந்தப் பெட்டியில் வருகிறதோ அதே பெட்டியில்தான் செத்தவரும் வருகிறார். தடுப்பானுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? இரண்டையும் சேர்த்து அள்ளிக் குப்பையில் போட்டிருக்கிறது.

இரண்டாவது சட்டத்தில் நவரெத்தினம் மாஸ்டர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"செவ்வாக்கிழமை எடுத்திரிக்காங்க" என்றாள் அக்கா. பிறகு அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே உயிர்ச் சிநேகிதியையும் ஒரு கட்டத்தில் சரி போட்டு இல்லாமல் செய்துவிட்டேனோ?

உடனே களுவாஞ்சிக்குடிக்கு பஸ் ஏறினோம். கல்லடிப் பாலம் போனது. காத்தான்குடிப் பேரீச்சை மரங்கள் போயின. அக்கா யன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தாள். நான் நடந்ததை விளக்கிச் சொல்கிறேன் என்றேன். நீ வாயே திறக்கக்கூடாது என்றாள்.

தங்கேஸ் அக்கா விறாந்தைக்குள் பாயில் இருந்தார், சுற்றிவர நாலைந்து பெண்கள். செத்த வீட்டுக்கு ஒரு பெண் புதிதாக வந்தால் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுவார்கள், தெரியும்தானே? அக்கா போய்ப் பக்கத்தில் இருந்தாள். தங்கேஸ் அக்கா கை நீட்டவில்லை.

"நீ வருவாய் எண்டு பிரேதத்த எடுக்க விடல்ல நான்" என்றார். "படலையையே பாத்துக்கொண்டு இரிந்தன். மழை இருட்டிக்கொண்டு வருகுது எண்டு பிறகு அவங்களாத் தூக்கித்தாங்க."

"எனக்குத் தெரியாதுடி" என்றாள் அக்கா.

நம்புகிற கதையா? பக்கத்தில் இருந்த ஒரு பெண் முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டார். அதற்குமேல் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வாயைத் திறந்தேன்.

கணவனைப் பறிகொடுத்து ஐந்து நாளில் பாயில் இருக்கும் ஒருவரிடம் விளம்பரத் தடுப்பான் என்றால் என்ன என்று நீங்கள் விளங்கப்படுத்தியிருக்கிறீர்களா? நான் விளங்கப்படுத்தினேன். பிரவுசர் என்றேன், கட்டம் என்றேன், சேலை, சீமெந்து எல்லாம் சொன்னேன். இது அவள் செய்த பிழை இல்லை, முழுக்க என் வேலை என்று சொல்லி நிறுத்தினேன்.

தங்கேஸ் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எங்கட மனுசன விளம்பரம் எண்டா நினைச்சிச்சு அது?"

ஓம் அக்கா என்றேன்.

நவரெத்தினம் மாஸ்டரைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோயில் திருவிழாவில் மைக் கையில் கிடைத்தால் சாமி வீதி சுற்றி உள்ளே போன பிறகும் விடமாட்டார். தான் புது மோட்டார் சைக்கிள் வாங்கியதைக்கூட ஒலிபெருக்கியில் ஊருக்கு அறிவித்த மனுசன்.

"உயிரோட இரிக்கக்குள்ள ஊரும் அப்பிடித்தானேடி சொன்னது" என்றார் தங்கேஸ் அக்கா, என் அக்காவிடம்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அக்காவுக்கும் வந்தது. முகத்தைத் திருப்பிய பெண்ணும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியாது. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். கேட்டுக்கொண்டு நின்ற எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அக்கா எட்டுச் செலவு முடியும்வரை அங்கேயே நிற்பதாக முடிவாகியது. நான் அவளுடைய சாமான்களை எடுத்துவர வெளிக்கிட்டேன். செத்த வீட்டில் 'போயிட்டு வாறன்' என்று சொல்லக்கூடாது, சொல்லாமலே படியிறங்கினேன். பஸ்ஸில் வரும்போது என் போனில் அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பானை எடுத்துவிட்டேன். அக்காவின் லெப்டொப்பிலும் அப்படியே. தடுப்பானை எல்லாத் தளத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். வீட்டில் யார் எதைத் தேடித் திறக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். தொழில்நுட்பமாக நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

எட்டு முடிந்து அக்காவைக் கூட்டிவரப் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தாள். கோபமெல்லாம் போய்விட்டது போலத்தான் தெரிந்தது. பாலம் ஏறும்போது என் பக்கம் திரும்பினாள்.

"டேய், நான் செத்தா தங்கேசுக்கு நீயே போன் எடுத்துச் சொல்லு. அவளுக்கும் உன்ன மாதிரி ஒரு தம்பி இரிக்கான், அவன் எந்தப் பிரவுசரப் போட்டுக் குடுத்திரிக்கானோ, ஆருக்குத் தெரியும்?"