பாட்டு மட்டும் கேட்ட காலை

கம்ப்யூட்டர் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சின்ன ஸ்பீக்கர் படம் இருக்கும். அதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் கணவர் சிரிப்பார். "ஒரு படத்து மேல என்னாடி கோவம்?" என்பார். படத்தின் மேல் இல்லை. அதை அழுத்திப் போனால் ஒரு பெட்டி திறக்கும். ஓடிக்கொண்டிருக்கிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனியாக ஒரு கோடு, அதில் ஏற்றி இறக்க ஒரு குமிழ். எது கேட்க வேண்டும், எது கேட்க வேண்டாம் என்று ஒரு ஆள் நாற்காலியில் சாய்ந்தபடியே முடிவு செய்துவிடலாம். அப்படி முடிவு செய்த ஒரு ஆளின் மேல்தான் என் கோபம்.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். வண்டிகளுக்குள் போகிற ஒயர்களைக் கட்டாகக் கட்டிக் கொடுக்கிற கம்பெனி. பெரிய பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். வரிசையாகப் பெண்கள் நின்று, ஆளுக்குக் கொஞ்சம் ஒயரை அந்தப் பலகையில் மாட்டி அனுப்ப வேண்டும். அதற்கு லைன் என்று பெயர். லைன் யாருக்காகவும் நிற்காது. உங்கள் ஒயர் இல்லாமல் ஒரு பலகை நகர்ந்துவிட்டால் கடைசியில் அது பிடிபடும், உங்களை எல்லார் முன்னாலும் கூப்பிட்டுக் கேட்பார்கள். சும்மா கேட்க மாட்டார்கள், மானத்தை வாங்குவார்கள்.

அப்படியானால் பாத்ரூம் போவது எப்படி? அதற்குத்தான் நான். என் வேலைக்கு ரிலீவர் என்று பெயர். ஒவ்வொருத்தி இடத்திலும் ஒரு பட்டன் இருக்கும். அவள் அதை அழுத்தினால் ஹால் முழுக்க ஸ்பீக்கரில் ஒரு டியூன் வரும். குழந்தைகள் பொம்மையில் வருமே, அந்த மாதிரி ஒரு டியூன். கண்ணாடி ரூமில் ஷிப்ட் இன்ஜினியரின் கம்ப்யூட்டரில் அவளுடைய இடத்தின் நம்பர் சிவப்பாக மின்னும். நான் ஓடிப்போய் அவள் இடத்தில் நிற்பேன், அவள் போய்விட்டு வருவாள். லைனில் அந்த டியூனுக்கு நாங்கள் வைத்த பெயர் பாப்பா. "பாப்பா அழுவுது, போய்ப் பாருக்கா" என்பார்கள். ஆண்கள் நடமாடுகிற ஹாலில் பாத்ரூம் என்று வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் கூச்சம். பாப்பா அழுதால் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால், அந்த லைனில் எங்களுக்கென்று இருந்த ஒரே மரியாதை அதுதான்.

அதே ஸ்பீக்கரில் பாட்டும் ஓடும். பாட்டுப் போட்டால் கை வேகமாக ஓடும் என்று யாரோ பெரியவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். பாட்டும் பாப்பாவும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்து வந்தன. பழைய கம்ப்யூட்டர் இருந்தவரை ஒரு வம்பும் இல்லை. சத்தத்தைக் கூட்டினால் இரண்டும் கூடும், குறைத்தால் இரண்டும் குறையும். பாட்டு கேட்கிறது என்றால் பாப்பாவும் கேட்கும் என்பது எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம்.

பிறகு புதுக் கம்ப்யூட்டர் வந்தது. இன்ஜினியர் அதைப் புது மாப்பிள்ளை மாதிரி தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். தெற்கத்திக்காரர், எங்களைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அதில் என்னென்ன வித்தை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை.

லைனில் எனக்கு நெருக்கமானவள் ஒரு தெலுங்குக்காரப் பெண். சானமாவு காட்டைத் தாண்டி ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கேன்டீனில் கன்னடக்காரப் பெண்களிடம் கன்னடம் என்று மூன்றும் பேசுவாள். வேலைக்குப் போக வேண்டாம் என்று அவள் அண்ணன் நித்தமும் சண்டை போடுவான். அவள் அழுது, பட்டினி கிடந்து, அடம்பிடித்து வந்தவள். "எங்கண்ணனுக்கு ஒரு சாக்கு கெடச்சா போதும்க்கா, நிறுத்திருவான்" என்று அடிக்கடி சொல்வாள். அந்தச் சாக்கை அவனுக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே லைனில் அத்தனை ஒழுங்காக இருப்பாள்.

அன்று காலை சானமாவுப் பக்கம் ரோட்டில் யானை நின்றிருக்கிறது. கம்பெனி பஸ் நகரவே இல்லை. யானை உள்ளே போன பிறகு வந்து சேர்ந்தபோது ஷிப்ட் தொடங்கிவிட்டது. பஸ்ஸில் வந்தவர்களை, அவளையும் சேர்த்து, அப்படியே லைனுக்கு விரட்டினார்கள். "பாத்ரூம் போய்ட்டு" என்று ஒருத்தி ஆரம்பித்ததற்கு, "அதுக்குத்தான் பட்டன் இருக்குல்ல" என்றார் இன்ஜினியர்.

ரிலீவர் சும்மா நிற்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. டியூன் வராத நேரத்தில் நான் ஹாலின் கடைக்கோடியில், ரேக்குகளுக்குப் பின்னால் லேபிள் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அங்கிருந்து லைன் தெரியாது. காது மட்டும்தான். அன்று பாட்டு காதைக் கிழித்தது. பாப்பா அழவே இல்லை. நான் ஒட்டிக்கொண்டே இருந்தேன்.

திடீரென்று யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் அந்தத் தெலுங்குக்காரப் பெண் தன் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். கை ஒயரை மாட்டிக்கொண்டிருந்தது. கண் பலகையிலேயே இருந்தது. யூனிபார்ம் பேன்ட் நனைந்து காலடியில் ஈரம் பரவியிருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் பார்க்காத மாதிரி நின்றார்கள். அந்த நிலையிலும் அவள் ஒரு பலகையைக்கூட விடவில்லை.

"ஏன்க்கா வரல? அமுக்கிக்கினே இருந்தன்க்கா." அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

இன்ஜினியர் வந்தார். அவளைப் பார்க்கவில்லை. லைனே கேட்கிற மாதிரி என்னிடம் கேட்டார். "ஒரே வேலைதான உனக்கு? டியூன் வந்தா போகணும். ஏன் போகல?"

"டியூன் வரல சார்."

"பாட்டு கேக்குதா?"

"கேக்குது."

"அதே ஸ்பீக்கர்தான? பாட்டு மட்டும் கேக்கும், டியூன் கேக்காதா? காதுல என்ன, பஞ்சா வச்சிருக்க?"

நாங்களே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம். பாட்டு இரைச்சலில் டியூன் வந்ததா இல்லையா என்று லைனில் யாருக்கும் நிச்சயமில்லை; எல்லார் முகமும் ஒரே மாதிரி மாறியதைப் பார்த்தேன். பாட்டு கேட்கிறது, ஆகவே பாப்பாவும் கேட்டிருக்கும், ஆகவே இவள் வேண்டுமென்றே போகவில்லை. அவளும் அப்படித்தான் என்னைப் பார்த்தாள். ஒரு வண்டியில் ஏற்றி அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடப் போகிறேன் என்றேன், லைனை யார் பார்ப்பது என்றார்கள். பயந்துபோய் அதற்குப் பிறகு மத்தியானம் வரை யாரும் பட்டனைத் தொடவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் என் மேசையில் யாரும் உட்காரவில்லை. உண்மையிலேயே எனக்குக் காதில் கோளாறோ என்று பயம் வந்துவிட்டது. ஒரு மனுஷியை அவள் காதையே சந்தேகப்பட வைப்பது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

மத்தியானம் கண்ணாடி ரூமுக்குக் கூப்பிட்டார். நாளைக் காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவருக்கு போன் வந்தது. பாட்டுச் சத்தத்தில் எதிர்முனை கேட்கவில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மவுஸை நகர்த்தி மூலையில் இருந்த ஸ்பீக்கர் படத்தை அழுத்தினார். ஒரு பெட்டி திறந்தது. உள்ளே பக்கத்துப் பக்கத்தில் கோடுகள். ஒன்றின் தலையில் பாட்டுப் புரோகிராமின் படம், குமிழ் உச்சியில் இருந்தது. அதைப் பிடித்து இறக்கினார். வெளியே பாட்டு குறைந்தது.

அதற்கு அடுத்த கோட்டின் தலையில் இருந்த படத்தை நான் தினமும் பார்த்திருக்கிறேன். பட்டன் புரோகிராமின் படம். அதன் குமிழ் அடியோடு அடியாகக் கிடந்தது. குமிழுக்குப் பின்னால், சத்தம் ஓடுவதைக் காட்டுகிற வெளிறிய பட்டை ஒன்று ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. திரையின் இன்னொரு பக்கத்தில் ஒரு நம்பர் சிவப்பாக மின்னியது. யாரோ ஒருத்தி அந்த நிமிஷம் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கிறாள். பாப்பா அழுதுகொண்டுதான் இருக்கிறது. வாயை மட்டும் பொத்திவிட்டார்கள்.

நான் யோசிக்கவில்லை. அவர் கையில் இருந்த மவுஸைப் பிடுங்கி அந்தக் குமிழை உச்சிக்குத் தள்ளினேன். ஹாலே அதிர்கிற மாதிரி டியூன் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லைனில் இருந்த எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது.

அவர் போனைக் கையால் மூடிக்கொண்டார். "ஏய், யாரைக் கேட்டு கை வச்ச?"

"நீங்க யாரைக் கேட்டு சார் எறக்கனீங்க?"

போனை வைத்தார். குரலும் இறங்கியது. நேற்று சாயங்காலம், ஷிப்ட் முடிகிற நேரத்தில், வெளிநாட்டு விசிட்டர்கள் வந்தார்களாம். "அவங்க நிக்கும்போது சும்மா சும்மா டியூன் அடிச்சிட்டே இருந்தா லைன்ல என்னமோ பிரச்சினைன்னு நெனைப்பாங்கல்ல? அதான் கொறச்சேன். திரும்ப ஏத்த மறந்துட்டேன். இது ஒரு விஷயமா?"

"மறந்துட்டீங்க, செரி. காலைல அவ நம்பரு உங்க கண்ணு முன்னாடிதான மின்னிச்சு?"

"நீ போவன்னு நெனச்சேன்."

"டியூன் இல்லாம நான் எப்பிடி சார் போவன்? காதுல பஞ்சான்னு கேட்டீங்களே, அப்பகூடவா ஞாபகம் வரல?"

அவர் மின்னுகிற நம்பரைக் காட்டி, "போ, அங்க ஆள் காத்துக்கிட்டிருக்கு" என்றார். காத்துக்கொண்டிருந்தது உண்மை. போனேன். போகாமல் இருக்க என்னால் முடியாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. "கம்ப்யூட்டர்ல சின்னக் கோளாறு, சரி பண்ணியாச்சு" என்றார். கோளாறாம்! அந்த இயந்திரம் சொன்னதைச் சொன்னபடி செய்தது. நான் வாயைத் திறந்து நடந்ததை முழுவதும் சொன்னேன். பாதிப் பேருக்குப் புரிந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சத்தம் என்பதை மீதிப் பேர் நம்பவில்லை, நான் தப்பிக்கக் கதை கட்டுகிறேன் என்று நினைத்தார்கள். இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "லைன் ஸ்டார்ட்" என்றார்.

அவள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வார லீவு அன்று பஸ் பிடித்து அவள் ஊருக்குப் போனேன். அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தான். கேட்காமலே, "அவ இனிமே வரமாட்டா" என்றான். அவனுக்குச் சாக்கு கிடைத்துவிட்டது. அதைக் கொடுத்தது யார் என்று அவனுக்கு விளக்கிப் பிரயோசனமில்லை.

அவள் வெளியே வந்தாள். வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, கோடுகள், குமிழ்கள், விசிட்டர்கள். தரையில் குச்சியால் கோடு போட்டுக்கூடக் காட்டினேன். பாட்டு இங்கே, பாப்பா இங்கே. அவள் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஒனக்குக் கேக்கல" என்றாள்.

"சத்தியமா கேக்கல."

"நம்பறன்க்கா." என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. இனி டியூன் குறையாது, நானே போய்ப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன், அண்ணனிடம் நான் பேசட்டுமா என்று படபடவென்று சொல்லிக்கொண்டே போனேன்.

அவள் கேட்டாள். "கண்ணாடி ரூம்ல என் நம்பரு தெரிஞ்சுதாக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "தெரிஞ்சுது. செவப்பா மின்னும்."

"அவரு அங்கதான் இருந்தாரா?"

"இருந்தாரு."

கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். "சவுண்ட ஏத்திட்ட, செரி. இனிமே ஒனக்குக் கேக்கும். அவருக்கு என்னா பண்ணுவ?"

கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

ஓசூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். சானமாவு தாண்டும்போது டிரைவர் பாட்டுப் போட்டார். அன்று காலை லைனில் ஓடிய அதே பாட்டு. நிறுத்தச் சொன்னேன். "ஏம்மா, நல்ல பாட்டுதான?" என்றார் கண்டக்டர். நிறுத்துங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு முறை கத்தினேன்.