அலமாரிப் பலகையில் வேய்ந்த அறை

தெருவில் அவளை ரம்பம் என்றுதான் கூப்பிடுவார்கள். பேச ஆரம்பித்தால் எதிரில் நிற்பவர் காதை அறுத்துவிட்டுத்தான் நகர்வாள் என்பதால் வந்த பேர். பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்ததும், கிடைத்த பஸ்ஸில் ஏறி எங்கேயோ போய் இறங்கியவர்கள் உண்டு.

வேலை, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில். வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் பிரித்துப் போட வேண்டும். எது ரத்தம், எது மருந்து, எது சிந்திய சாப்பாடு என்று தூரத்திலிருந்தே சொல்வாள். "ஒரு விரிப்பைக் காட்டு, படுத்தவன் பொண்டாட்டியோட சண்டை போட்டானான்னுகூடச் சொல்றேன்" என்பாள். யாரும் காட்டியதில்லை. அவளுக்கும் புருஷன் என்று ஒருவன் இருந்தான். அவனைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வாள்: "போனான்."

அப்பா அவளுடைய தம்பி வீட்டில் இருந்தார். இருந்தார் என்பது பெரிய வார்த்தை, வைத்திருந்தார்கள். மாடி வீடு. வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவில் போகிற நடையில் ஒரு மடக்குக் கட்டில். குளியலறைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அவர் காலை இடித்துவிட்டுத்தான் போக வேண்டும். விருந்தாளி வந்தால் கட்டிலை மடக்கிவிடுவார்கள். அப்பாவையும் மடக்க முடிந்தால் மடக்கியிருப்பார்கள். வாழ்நாளெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர் அவர். ஒரு ஆள் நிற்க எவ்வளவு இடம் வேண்டும் என்று தெரியும். அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் அவருக்குக் கிடைத்தது.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம்மா" என்று ஒருநாள் அவளிடம் சொன்னார். "உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கிற மாதிரி ஒரு ரூம். துணி மாத்திக்கிட்டு நிக்கறேன், பேத்தியோட ஃபிரெண்டு வந்து ஹாய் தாத்தாங்குது."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அவளுக்கென்று ஒரு வீடு இருந்தது. வாரிசில்லாத பெரியம்மா எழுதிவைத்துவிட்டுப் போனது. தெருக்கோடியில் ஓட்டு வீடு. சமையலறை, ஒரு அறை, உள்ளே இன்னொரு சின்ன அறை. உள்ளறையில் படுத்தால் நட்சத்திரம் பார்க்கலாம், அப்படி ஒரு கூரை. வேலை முடிந்து வந்ததும் சுவரைச் சுரண்டினாள், பூசினாள், பூசியது விழுந்தால் திட்டிக்கொண்டே மறுபடி பூசினாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் உதவ வந்தார். அவள் பேச்சைக் கேட்டுவிட்டு மறுநாள் முதுகுவலி என்றார்.

தாய்மாமன் வீட்டுக் கொட்டகையில் அம்மாவின் பழைய மர அலமாரி கிடந்தது. அம்மா பிறந்த வீட்டுச் சொத்து, யானை மாதிரி இருக்கும். தம்பி அதை விறகுக்கடைக்குப் போடப் பார்த்தான். அவள் சலவைக்கூட வேன் டிரைவரைக் கெஞ்சி அதை ஏற்றி வந்துவிட்டாள். உடைந்த கண்ணாடித் துண்டால் பழைய பாலிஷைச் சுரண்டினாள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, கெட்டி டீ நிறத்தில் மரம் வெளியே வந்தது. குண்டூசி குத்திய மாதிரி அங்கங்கே ஓட்டைகள். பழசு என்றால் ஓட்டை இருக்கத்தானே செய்யும், என் காதிலேயே ரெண்டு இருக்கு என்று மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தாள். மேலே அரக்கு பாலிஷ். கதவில் முகம் தெரிந்தது.

உள்ளறைக் கூரையில்தான் சிக்கல். ஓடுகள் தேறும், ஓடுகளைத் தாங்கும் ரீப்பர் சட்டங்கள் எல்லாம் மக்கிப்போயிருந்தன. மரக்கடையில் விலை கேட்டுவிட்டு, கடைக்காரரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் திரும்பி வந்தாள். அப்படிப்பட்ட விலை. வீட்டுக்கு வந்தவள் கண் அலமாரியில் நின்றது. உள்தட்டுகள் கனமான பலகைகள். முதுகுப் பலகையை யார் பார்க்கப் போகிறார்கள்? எல்லாவற்றையும் கழற்றி, நீளவாக்கில் சட்டம் சட்டமாக அறுத்தாள். பேருக்கேற்ற வேலை அன்றுதான் அவளுக்குக் கிடைத்தது.

"அம்மாவோட பலகை அப்பா தலைக்கு மேல" என்று தெரு முழுக்கச் சொன்னாள். "மழை வந்தா அம்மா பாத்துப்பா."

முகட்டு உத்தரத்தை மாற்ற வந்த தச்சர் அந்தச் சட்டங்களைத் தட்டிப் பார்த்தார். "பழைய மரம். மேல ஏத்தறதுக்கு முன்னாடி மருந்து அடிச்சிடும்மா."

"பாலிஷ் போட்டிருக்கேனே அண்ணே."

"பாலிஷ் வெளியில. மரத்த அரிக்கிற உளுப்பூச்சி உள்ள இருக்கும்."

அவருக்குக் கூலி பேசியது உத்தரத்துக்கு மட்டும், யோசனைக்கு இல்லை. அவள் மருந்து அடிக்கவில்லை. கையில் மிச்சமிருந்த பணத்தில் உள்ளறைக் கதவுக்கு நல்ல பித்தளைத் தாழ்ப்பாள் வாங்கினாள்.

அப்பா ஒரு பெட்டியோடு வந்தார். அறைக்குள் போனார். தாழ்ப்பாள் விழுந்தது. சாயங்காலம்வரை திறக்கவில்லை. அவள் கதவுக்கு வெளியே டீயை வைத்துக்கொண்டு, ஆறியதும் தானே குடித்து, மறுபடி போட்டு, அதையும் குடித்தாள். வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஒரு பையன் இருந்தான்.

"என்ன பண்ணீங்க இவ்வளவு நேரம்?"

"ஒண்ணும் பண்ணல" என்றார். "யாரும் கேக்கல."

அதன்பிறகு தன் அறையைத் தானே பெருக்கிக்கொண்டார். விரிப்பையும் தானே அலசிக் காயப்போட்டார். "எங்கப்பா மாதிரி சுத்தம் யாருக்கு வரும்?" என்று பஸ் ஸ்டாப்பில் பீற்றிக்கொண்டாள். அவருக்கு வறட்டு இருமல் ஒன்று இருந்தது. வயசாச்சு என்றார். சரி என்றாள்.

ஒருநாள் அவர் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோதுதான் தலையணை உறை அவள் கைக்கு வந்தது. உதறினாள். தையல் மூலையிலிருந்து மாவு மாதிரி ஏதோ கொட்டியது. விரலில் தேய்த்துப் பார்த்தாள். பவுடர் இல்லை, மருந்து இல்லை. மோந்து பார்த்தாள். அண்ணாந்தாள்.

நாற்காலி போட்டு ஏறி, ஸ்க்ரூ டிரைவரால் ஒரு சட்டத்தைக் குத்தினாள். ரொட்டிக்குள் போவது போல உள்ளே போனது. குத்திய இடத்திலிருந்து அந்த மாவு அப்பாவின் போர்வைமேல் உதிர்ந்தது. அவர் பழக்கப்பட்ட கையால் அதைத் தட்டிவிட்டார்.

"எப்போலேர்ந்து?"

"என்ன எப்போலேர்ந்து?"

"அப்பா!"

"வந்த கொஞ்ச நாள்லயே ஆரம்பிச்சிடுச்சு. சத்தம்கூடக் கேக்கும். கறுக் கறுக்குன்னு. பேச்சுத் துணைக்கு ஆச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஓட்டைப் பிரிப்பே. பிரிச்சா நான் எங்க போறது? அங்கதானே?"

"ஓடு தலையில விழுந்தா?"

"என் ரூம்ல விழுந்தா என் தலையில விழுது. உனக்கென்ன?"

அவள் போர்வையை எடுத்து வாசலில் உதறப் போய்விட்டாள்.

தச்சர் திரும்ப வந்தார். நான்தான் சொன்னேனே என்று அவர் சொல்லாதது அவளை இன்னும் குத்தியது. உளு சட்டங்களோடு நின்றிருக்கவில்லை, பக்கத்தில் இருந்த நல்ல கட்டைகளிலும் இறங்கியிருந்தது. எல்லாவற்றையும் இறக்க வேண்டும் என்றார். பிறகு அலமாரியைக் காட்டினார். "இதை உள்ள வச்சுக்கிட்டு மேல புதுசு போட்டா, அதுங்களுக்கு விருந்து வைக்கிற மாதிரி. எரிச்சிடு."

"இது எங்கம்மாவோடது அண்ணே."

கட்டிலிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "உங்கம்மாவுக்கு அந்த அலமாரியக் கண்டாலே ஆகாது. கதவு கீச்சுனு கத்தும். திறக்கும்போதெல்லாம் சனியன் சனியன்னு திட்டுவா."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீ எங்க பேச விட்டே?"

தச்சர் குனிந்து பைக்குள் எதையோ தேடினார். தோள் குலுங்கியது.

அன்று சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போன் போட்டாள். தம்பி பொண்டாட்டிதான் எடுத்தாள். "ஐயோ அண்ணி, நடையில இப்ப வாஷிங் மெஷின் வந்துடுச்சே. மாமாவ எங்க போடறது?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு அது கேட்டது. முகத்தில் ஏதோ ஒரு நிம்மதி; அதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

கொல்லையில் அலமாரி நன்றாக எரிந்தது. அரக்கு பாலிஷ் போட்டதால் சீக்கிரம் பிடித்துக்கொண்டது. உள்ளறை ஓடுகளை இறக்கி அடுக்கினாள். அப்பாவைச் சமையலறையில், சூடு கிடைக்கட்டும் என்று அடுப்புக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தாள். சம்பளம் வர வர மரம் வாங்கி, மருந்து அடித்து, வரிசை வரிசையாக ஓடு ஏற்றினாள். பாதிக் கூரை மூடியது, மீதிக்குத் தார்ப்பாய். அப்பாவுக்குக் காய்ச்சல் விடுவதும் பிடிப்பதுமாக இருந்தது. நெஞ்சில் ஈரம், குளிர் ஆகவே ஆகாது என்றார் மருத்துவர். மழை அந்த வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது. அதுதான் அவர் பார்க்கப்போகிற கடைசி மழைக்காலம். அவளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

வேலையிலிருந்து நனைந்துகொண்டு வந்தபோது அடுப்புப் பக்கம் காலியாக இருந்தது. கட்டிலும் இல்லை. அந்த உடம்போடு எப்படி இழுத்தாரோ. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

"அப்பா, திறங்க."

உள்ளேயிருந்து இருமல்தான் வந்தது.

"காத்துல தார்ப்பாய் பிச்சுக்கிட்டு நிக்குது. உள்ள தண்ணி வரும். காலையில தொட்டா சுட்டுது உங்களுக்கு."

"ஓடு போட்ட பக்கம்தான் படுத்திருக்கேன். நனையல."

"சாவப்போறீங்களா?"

"அடுப்புக்கிட்டயா சாவறது?" கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "போம்மா. போய்த் தலையத் துவட்டு" என்றார்.

அந்தத் தாழ்ப்பாளை மாட்டியது அவள்தான். எந்த இடத்தில் தோளால் ஒரு இடி இடித்தால் பெயர்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். தோளைக் கதவில் வைத்தாள். அப்படியே நின்றாள். பிறகு வெளியே போய் ஏணியைச் சாத்தினாள்.

மழையில் ஓடு வழுக்கியது. படபடத்த தார்ப்பாயை எட்டிப் பிடித்து, வயிற்றால் அழுத்திக்கொண்டு, இடுக்கு வழியாகக் கீழே பார்த்தாள். அப்பா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி மல்லாந்து படுத்திருந்தார். அவளைப் பார்த்துவிட்டார்.

"மேலேயிருந்து எட்டிப் பாக்காதே" என்றார். "வர்றதுன்னா கதவைத் தட்டிட்டு வா."

"சரிப்பா" என்று இடுக்கை மூடினாள். பாரம் வைக்கச் செங்கல் கீழேதான் கிடந்தது. இறங்கினால் தார்ப்பாய் பறந்துவிடும். அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள்.